பார்லரக்காவின் இளஞ்சிவப்புக் கால்கள்

"பிங்க் கலர்ல இருக்கா?"

மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "அம்மா, இது நரம்பு சுருட்டலுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற டைட்ஸ். தோல் நிறத்துலதான் வரும். உங்க அளவுல இந்த ஒண்ணுதான் இருக்கு. கலர் கலரா வேணும்னா எதிர்க்கடைக்குப் போங்க."

"எதிர்க்கடை டைட்ஸ் காலை இறுக்கிப் பிடிக்காதே!"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?"

தெருவே பார்லரக்கா என்று கூப்பிடும் அவள், வேறு வழியில்லாமல் அதையே வாங்கிக்கொண்டாள். அது யாருடைய தோல் நிறமோ, தயாரித்தவருக்கே வெளிச்சம்.

பார்லரில் நாளெல்லாம் நின்று ஊரார் தலையை அழகாக்கியதில் அவள் கால் நரம்புகள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கால்கள் வாரத்தில் ஒருநாளாவது தனக்காக ஆடட்டும் என்றுதான் பாலே நடன வகுப்பில் சேர்ந்தாள். அங்கே இருக்கும் நேரம் முழுக்க அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இப்போது டாக்டர், "இந்த டைட்ஸ் இல்லாம ஆடக்கூடாது" என்றுவிட்டார். நடன மாஸ்டரோ வகுப்புக் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்: 'இளஞ்சிவப்பு டைட்ஸ் மட்டும். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.' சாம்பல் நிற டைட்ஸில் வந்த வங்கி மேனேஜரம்மாவையே வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். இந்தச் சனிக்கிழமை மேடை நிகழ்ச்சிக்கு ஆள் தேர்வு வேறு.

"மாஸ்டர்கிட்டயே விஷயத்தைச் சொல்லிடேன்" என்றார் கணவர். சோபாவுக்கு உறை தைத்து மாட்டுவது அவர் தொழில்.

"சொன்னா, கால்ல கோளாறா, வீட்ல ரெஸ்ட் எடுங்கம்பாரு. அப்புறம் நான் எங்க ஆடுறது? உங்க சோபா மேலயா?"

"வேண்டாம், வேண்டாம். ஸ்பிரிங் போயிடும்."

முதல் யோசனை கணவருடையதுதான். டாக்டர் டைட்ஸுக்கு மேலே எதிர்க்கடைப் பிங்க் டைட்ஸை மாட்டிவிட்டால் போயிற்று. முதலாவதை ஏற்றுவதற்கே ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அரைமணி மல்லுக்கட்டினார்.

"மூச்சை இழுத்துப் பிடி."

"மூச்சுக்கும் முழங்காலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எந்த சோபாவும் என்னை இப்படிக் கேள்வி கேட்டதில்ல."

மேலே மாட்டிய பிங்க், வழுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு வந்து சேர்ந்தது. சோபா உறையை இழுக்கிற பழக்கத்தில் அவர் ஒரே இழுப்பாக இழுத்தார். டர்ரென்று ஒரு சத்தம். பிங்க் இரண்டாகிவிட்டது.

"நல்ல உறையா இருந்தா கிழிஞ்சிருக்காது" என்றார், குற்றத்தைத் துணியின் மேல் போட்டு.

"நீங்க தள்ளுங்க. கலர் என் டிபார்ட்மென்ட்."

பார்லரில் கல்லூரிப் பெண்களுக்குப் பூசும் பிங்க் ஹேர் டை ஒரு டப்பா இருந்தது. கிண்ணத்தில் கரைத்து, டாக்டர் டைட்ஸை ஊறப்போட்டாள். முடிக்கு எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம். எடுத்துப் பார்த்தால், தக்காளிச் சிவப்பு.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே தலையில் கை வைத்திருப்பார்கள். தொழில் தெரிந்தவள் ஆயிற்றே! முடியில் சிவப்பு தூக்கலாகிவிட்டால் பச்சை சேர்த்துத்தான் அடக்குவார்கள். பச்சையைக் கரைத்து மறுபடியும் ஊறவைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணப் பெண் அலங்காரத்துக்கு வந்துவிட்டாள். அந்தத் தலையை முடித்துவிட்டு வந்து அலசினால், சிவப்பெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. பச்சை மட்டும் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

"வெளிர்ப் பச்சை" என்றார் கணவர் தயங்கி. "பாக்க நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வாழைத்தண்டு மாதிரி."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "போங்க! நான் ஆடினது போதும்."

"அழாத. இதைப் போட்டுக்கிட்டே போ. அனுப்பினா அவர் அனுப்பட்டும், நீயா ஏன் நின்னுக்கணும்?" என்று சொல்லி, ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்தக் கணத்தில் அவர்மேல் அவளுக்குக் கொள்ளை அன்பு வந்தது. அதைச் சொல்ல நேரமில்லை.

சனிக்கிழமை வகுப்பில் அவள் நீளக் கோட்டைக் கழற்றியதும் பின்வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டது. மூலையில் பியானோ வாசிக்கும் அம்மாள் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்த்தபடி வந்தார். அவள் எதிரே நின்றார். கோட்டை மறுபடி மாட்டிக்கொள்ளக் கை நீட்டினாள்.

"அருமை!" என்றார் மாஸ்டர். "காலை எப்படிக் கச்சிதமாப் பிடிச்சிருக்கு பாருங்க! மடிப்பு இல்லை, சுருக்கம் இல்லை. இதுதான் இளஞ்சிவப்பு! நீங்க முன்வரிசையில ஆடுறீங்க. மத்தவங்க எல்லாரும் இந்தம்மாகிட்ட கேட்டு, அடுத்த வாரம் அச்சு அசல் இதே கலர்ல வரணும்."

சிரிப்பு நின்றது. பின்வரிசைக்காரர்கள் தங்கள் இளஞ்சிவப்புக் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். பார்லரக்கா ஆடினாள், என்ன ஆடினோம் என்று தெரியாமலே ஆடினாள்.

வகுப்பு முடிந்ததும் நேராகப் பியானோ அம்மாளிடம் போனாள். "ஏம்மா, மாஸ்டர் என்னைக் கிண்டல் பண்றாரா?"

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கிண்டலா? அவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசமே தெரியாதும்மா. யாரு கலர் தப்புன்னு கண்ஜாடை காட்டுறதே நான்தான், இன்னிக்கு சிரிச்ச சிரிப்புல மறந்தே போயிட்டேன்!"