மாப்பிள்ளை பெயர் போடாத அழைப்பிதழ்

குடியாத்தம்,
ஆவணி, 1979

அன்புள்ள மைத்துனர் அருணகிரிக்கு, பக்தவச்சலம் எழுதுவது. இங்கு நான், உன் அக்கா கமலவேணி, மகள் அம்சவேணி, தறிகள் அனைவரும் நலம்.

இந்த ஆவணி முதல் குடை எடுத்துச் செல்வதில்லை என்று குடும்பத்தைக் கூட்டி அறிவித்துவிட்டேன். காரணம், நீ பள்ளியில் சொல்லித் தரும் இங்கிலீஷில் உள்ள ஒரு சொல்.

அம்சவேணியின் கல்யாண அழைப்பிதழில் மண்டபம், முகூர்த்தம், பெண் பெயர் எல்லாம் போட்டு, மாப்பிள்ளை பெயர் வரும் இடத்தில் மட்டும் கோடு விடச் சொல்லியிருந்தேன். கடைசி நேரத்தில் என்ன ஆகுமோ, யார் கண்டது? லுங்கிக்கு லேபிள் ஒட்டுவதுகூடச் சாயம் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதானே? அதை ஆம்பூர்ச் சம்பந்தி சுப்பராயன் பார்த்துவிட்டார். தோல் கம்பெனி மானேஜர் அல்லவா, கோபம் இங்கிலீஷில் வந்தது. "யூ ஆர் எ பெஸிமிஸ்ட்! எம் பையன் பேரைப் போடுங்க, இல்லன்னா கல்யாணமே வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

பொருள் தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது? கம்பவுண்டர் வீரபாகு, அது வயிற்றில் வருவது என்றார். உன் அக்கா, ஏதாவது கட்சியாக இருக்கும் என்றாள். பேரணாம்பட்டு பஸ்ஸில் தோல் ஏஜெண்ட் ரஷீத் அஹமதைப் பிடித்தேன்.

"இன்னா முதலியாரே, இது தெரியாதா? மழை வரும் வரும்னு தோலைக் காயவெக்காம உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான் பெஸிமிஸ்ட்."

"மழை வந்துட்டா?"

"வந்துட்டா அவன் கெட்டிக்காரன்."

"அப்போ வானத்தைப் பாத்துதான் திட்டா, பாராட்டான்னு சொல்லணுமா?"

"பேஜார் பண்ணாதீங்க. கெட்டதையே எதிர்பாக்கறவன். அவ்ளோதான்."

வீட்டில் வந்து சொன்னேன். "மொட்டைமாடிக்குப் படுக்கப் போறப்பவும் குடை எடுத்துக்கினு போறீங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல பேரே இருக்குதா!" என்று உன் அக்கா ஆச்சரியப்பட்டாள்.

ஆகவே திருந்திவிட்டேன். மாப்பிள்ளை கிருஷ்ணராஜ் பெயரைத் தங்க எழுத்தில் போட்டுப் புது அழைப்பிதழ் வந்து, ஊரெல்லாம் கொடுத்தும் ஆயிற்று. குடையில்லாமல் போய் நனைந்தேன். வருத்தமில்லை. ஒரு சந்தேகம் மட்டும்: இதே குணத்தை நாம் முன்யோசனை என்போமே, அதற்கும் இங்கிலீஷில் இந்தச் சொல்தானா, வேறு உண்டா? விசாரித்து எழுது.

உன் வீட்டில் எந்த நூலும் அறாதிருக்க வாழ்த்தும்,
பக்தவச்சலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது சம்பந்தி வந்தார். கிருஷ்ணராஜ் நேற்று பெங்களூரில் தன்னோடு வேலை செய்யும் பெண்ணைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டானாம். இளையவன் சின்னசாமியைத் தருகிறேன் என்கிறார். அம்சவேணியைக் கேட்டேன். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே அவரைத்தாம்ப்பா மாப்பிள்ளைன்னு நெனச்சேன்" என்கிறாள். முகூர்த்தத்துக்குள் மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. கோடு விட்ட பழைய அழைப்பிதழ்கள் இருக்கின்றனவா என்று சம்பந்தி தணிந்த குரலில் கேட்டார். நான் நனைந்து வந்த அன்று வெந்நீர் வைக்க அவற்றைத்தான் எரித்தோம்.