ரொட்டி டின்னும் என் வெள்ளணுக்களும்

கோலாலம்பூரில் எத்தனை கைப்பேசிக் கோபுரம் எழும்பினாலும், அத்தனையையும் ஒரு காலி ரொட்டி டின்னால் தோற்கடிக்கலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில்தான் இருந்தார். பெயர் என்னவோ, எல்லோருக்கும் டின் அங்கிள். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டில் ஓர் அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

வாசலிலேயே டின் இருக்கும். ஹேண்ட்போனை அதில் போட்டு மூடிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். பேசுவதென்றால் வாசலில் நின்று ஒரு நிமிஷம். அதைத் தாண்டினால் அகப்பையால் கதவைத் தட்டுவார்.

"போன் கதிர் பட்டா ரத்தத்துல வெள்ளணு செத்துரும் தம்பி. அப்புறம் சளி புடிச்சாக்கூட ஒடம்பு தாங்காது."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்த அணுக்களை எண்ணுவதுதான் என் வேலை. என்னிடமே வகுப்பெடுக்கிறார்!

"அங்கிள், போன் பேசி வெள்ளணு செத்துச்சுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல."

"நிரூபிக்கிறவன் பாக்கெட்லயும் போன் இருக்கும்லா?"

மூடிய டின்னுக்குள்ளிருந்தே போன் கணகணவென்று அடிக்கும். அலை எப்படி உள்ளே போனது என்று கேட்டால், "சத்தம் வேற, கதிர் வேற" என்பார். ஒருமுறை கிளினிக்கில் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். வெள்ளணு சரியாக இருந்தது. "பாத்தியா, டின்னு வேலை செய்யுது!" தலையணைக்கடியில் போன் வைத்துத் தூங்கிய காலத்து என் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அதுவும் சரியாகவே இருந்தது. "உனக்கு எளவயசு, தாங்குது." இப்படிப்பட்ட மூளையைத்தான் நம்பி அரசாங்கம் ரயில் ஓட்டியிருக்கிறது.

பிறகு எனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. வெள்ளணு சரசரவென்று இறங்கியது.

"சொன்னேன்ல?"

"கொசு அங்கிள், கொசு!"

"கொசு என்னையுந்தான் கடிக்குது. நான் படுத்தேனா?"

என்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வார்டுக்கும் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார், உள்ளே என் போனோடு. கிள்ளானில் தனியாக இருக்கும் என் அம்மா தினமும் மாலை ஆறு மணிக்கு அழைப்பார். நெஞ்சுவலிக்காரர். நான் எடுக்காவிட்டால் பயந்தே விழுந்துவிடுவார். எனக்கோ காய்ச்சல் ஏறிப் பேச நாக்கு எழவில்லை.

ஆறு மணிக்கு டின் அலறியது. அங்கிள் என்னைப் பார்த்தார். பாம்புக் கூடையைத் திறப்பது போல மூடியைத் திறந்து, போனைத் துண்டால் பிடித்துத் தூர நீட்டினார். அம்மாவின் குரல் சரியாகக் கேட்கவில்லை. துண்டை உதறிவிட்டு வெறுங்கையால் போனைக் காதில் வைத்தார்.

"அம்மா, நான் வீட்டுக்கார அங்கிள். தம்பிக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில சேத்துருக்கு. பயப்படாதீங்க. நல்லாருக்கான், கஞ்சி குடிச்சான். அழாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன்..."

இருபது நிமிஷம் பேசினார். அகப்பையால் தட்ட அங்கே யாருமில்லை.

நான்கு நாளும் இதே கதை. ஐந்தாம் நாள் ஆறு மணிக்கு அவர் அம்மாவுடன் பேசிக்கொண்டிருக்கும்போது, தாதி வந்து என் ரிப்போர்ட்டைப் படித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

"ஏறிருச்சும்மா! நம்ம பையனுக்கு வெள்ளணு ஏறிருச்சு!"