இருபத்தேழாம் படியும் மேல்தாழ்ப்பாளும்

அன்று மாலை நாலரை மணிக்கு அந்தப் பிசியோதெரபிக் கூடத்தில் இருந்தோர் வருமாறு: வலத்தோள் இறுகிய, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் அம்மாள் ஒருத்தி. அவளுடைய தம்பி, லிஃப்ட் பழுதுபார்ப்பவன், ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தான். பிசியோ மேடம். மூட்டு மாற்று அறுவை முடிந்து, எங்கும் போகாத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த பெரியவர். அங்கே அவருக்குப் பெயர் முட்டி சார். நுனிக்காலில் மட்டுமே நடக்கும் ஆறு வயதுச் சிறுமி. அவளுடைய அம்மா, தூங்கிக்கொண்டிருந்தாள். சுவரில் அறைந்த ஒரு மர ஏணி.

வாழ்க அத்தோள். ஓடும் பேருந்தின் கூரைக்கம்பியை முப்பத்தோராண்டு பற்றிநின்ற தோள். திருப்பத்தில் சாய்ந்தோரையும் பிரேக்கில் சரிந்தோரையும் ஒருசேரத் தாங்கிய தோள். படிக்கட்டில் தொங்கிய காளையரைச் சட்டைக் காலரோடு உள்ளிழுத்த தோள். 'உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு' என்று இல்லாத இடத்தை உண்டென்று சுட்டி நீண்ட கைக்கு வேராய் நின்ற தோள். வாளால் வீழாத, வேலால் துளைபடாத அத்தோள், அவள் ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில், பகைவர் எவரும் சூழாமலே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை தலை வாரும்போது இறுகிப்போயிற்று.

இடத்தோளைப் பாடுவதற்கில்லை. அது முந்திய ஆண்டே இறுகி, அரைகுறையாக இளகி, இனி மார்புயரத்துக்கு மேல் வருவதாயில்லை என்று தன் முடிவைச் சொல்லிவிட்டது.

இனிக் கோட்டையின் இயல்பு கூறுவாம். அத்தோளுக்குரிய நம் நாயகி தனியே வாழ்ந்த வீட்டுக்கு வாசல் ஒன்று, கதவு ஒன்று. அக்கதவுக்கு முன்னொரு காலத்தில் மூன்று காவல் இருந்தன. நடுவிலிருந்த பூட்டுக்குள் சாவி முறிந்து பல்லாண்டாயிற்று. கீழ்த்தாழ்ப்பாள் இறங்கவேண்டிய குழியை டைல்ஸ் பதித்தவர்கள் அழகாக மூடிப்போனார்கள்; அன்றுமுதல் கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதமும் நுழையாது. கதவில் புதிதாக ஓர் ஆணியும் அறைய வீட்டுக்காரர் விடாமையால், எஞ்சியது மேல்தாழ்ப்பாள். மலையுச்சியில் மதங்கொண்டு நிற்கும் களிறுபோல், துருவேறி, எட்டாத உயரத்தில், எவரையும் பொருட்படுத்தாமல் அது அங்கே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி நாயகி ஒருமுறை விழுந்தாள். விழுந்த அன்றே ஸ்டூல் தம்பியின் வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. நாற்காலியில் ஏற நினைத்தால் அதன்பின் அவளுக்கே கால் கூசிற்று.

ஆகவே தம்பி ஒரு வழி கண்டான். மாலைதோறும் வேலை முடிந்து வந்து, அக்கா உள்ளே இருக்க, கதவை வெளியே பூட்டினான். காலையில் ஆறு மணிக்கு வந்து திறந்தான். ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்தான். நான்கு மாதம் ஒருநாளும் தவறவில்லை, காய்ச்சலோடும் வந்தான். "பூட்டிட்டேன்க்கா" என்பான் வெளியிலிருந்து. ஒற்றை விசிலால் ஒரு பேருந்தையே நிறுத்தவும் நகர்த்தவும் வல்லவளாயிருந்தவள், லக்கேஜைப்போல் உள்ளே வைத்துப் பூட்டப்பட்டு, "ம்" என்பாள்.

பின்பு ஒருநாள் தம்பி தன் ஆணையை வெளியிட்டான். "பன்னெண்டு நாள் பிசியோ எடு. பன்னெண்டாவது நாள் தாழ்ப்பாள் எட்டலைன்னா நம்ம வீட்டுக்கு வந்துடு. பின்ரூம் காலியாத்தானே கெடக்கு."

காலி என்ற சொல்லுக்குத் தம்பி கொண்ட பொருள் யாதெனில், அங்கே ஒரு வாஷிங் மெஷினும் ஒரு இஸ்திரி மேசையும் நாடு கடத்தப்பட்ட ஸ்டூலும் இருந்தன என்பதே. ஸ்டூலிலிருந்து விழுந்த வாரத்தில் நாயகி அவ்வறையில் நான்கு நாள் படுத்திருக்கிறாள். மெஷின் துணி பிழியும்போதெல்லாம் கட்டில் அரையடி நகர்ந்தது. நாத்தனார் மரியாதைக்குத் தம்பி மனைவி கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஆனால் ஒரு நாளைக்குப் பதினான்கு முறை தட்டினாள். அவ்வறைக்குத் திரும்புவதினும் கூரைக்கம்பி இல்லாத பேருந்தில் மலையிறங்குவது மேல் என்று நாயகி மனத்துள் சூளுரைத்தாள். வெளியே, "பாக்கலாம்" என்றாள்.

முதல் நாளிலேயே அவள் கையில் ஒரு நூல் இருந்தது. தரையிலிருந்து தாழ்ப்பாள்வரை அளந்த நூல். உச்சியில் அதன் மேல்நுனியைப் பிடிக்க அவளுக்குக் கையெட்டாமையால், அதைத் தம்பியே பிடித்துக் கொடுத்தான். பகைவன் அளந்துதந்த கோட்டையை வெல்லப் புறப்பட்டவர் அவளுக்கு முன் எவருமிலர்.

கூடத்தின் சுவரில் இருந்த ஏணி ஆள் ஏறும் ஏணியன்று. ஒரு சாண் அகலப் பலகை. அதில் விரல்நுனி தொற்றுமளவுக்கு மரப்படிகள். கீழிருந்து மேலாக எண்கள். சுவரை நோக்கி நின்று, சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறி ஏற, அவற்றின் பின்னே கை ஏற, கையின் பின்னே தோள் அழுதுகொண்டு ஏறவேண்டும். நாயகி நூலை ஏணிமேல் வைத்துப் பார்த்தாள். நுனி இருபத்தேழாம் படியில் முடிந்தது. முதல் நாள் விரல்கள் பதினாறில் நின்றன.

அந்தத் தோளுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை உச்சிவரை ஏறினால், பின்பு இரண்டு மணிநேரம் வெந்நீர் ஒத்தடத்தில் கிடந்தாலன்றி மறுபடி ஏறாது. வற்புறுத்தினால் ஐந்தாறு படி தாழவே நின்றுவிடும். ஒரு நடைக்குப் பின் டிப்போவில் நிற்கும் பழைய வண்டி அது.

அத்தோளை ஏவியவள் பிசியோ மேடம். வலியென்ற சொல்லுக்கு வாடாதவள். ஒத்தடப் பையும் கரண்ட் பெட்டியும் ஏந்திய கையினள். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று சொல்லிப் பதினைந்து வாங்கும் பொய்யில் புலமை மிக்கவள். கூடத்தில் அவளுடைய போர்முழக்கம் வேறொன்று. அது சிறுமிக்கானது. பிறந்து நடந்த நாள்முதல் நுனிக்காலில் நடந்து கெண்டைக்கால் தசை குறுகிப்போன அச்சிறுமியை நோக்கி, "குதிகால் கீழ" என்று ஒரு பொழுதில் நூறுமுறை முழங்குவாள். அதைக் கேட்டுக் கேட்டுச் சிறுமி, பொற்கொல்லன் பொன்னின் மாற்றறிவதுபோல், உலகிலுள்ள குதிகால்களையெல்லாம் அறிந்தவள் ஆனாள். முட்டி சாரின் குதிகாலை அவள் இருமுறை கண்டித்திருக்கிறாள்.

பதினொரு நாள் கழிந்தன. பதினாறு பத்தொன்பதாயிற்று, பத்தொன்பது இருபத்திரண்டாயிற்று, இருபத்திரண்டில் நான்கு நாள் படை பாசறை அமைத்து, அசையாமல் கிடந்து, பின்பு இருபத்துநான்கைக் கைக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் தம்பி அரைநாள் விடுப்பெடுத்து, சாப்பாட்டுப் பையோடு வந்து பெஞ்சில் அமர்ந்தான்.

ஏணியின் கீழ் நாயகி செருப்பைக் கழற்றி நின்ற கோலம், முற்றுகையின் விடியலில் மதிலை அண்ணாந்து பார்க்கும் படைத்தலைவனின் கோலம். சுட்டுவிரல் புறப்பட்டது. நடுவிரல் அதைத் தொடர்ந்தது. பத்தும் பதினைந்தும் வெறுங்காவல் என்று கடந்து, பதினெட்டில் பல்லைக் கடித்து, இருபதில் மூச்சைப் பிடித்து, இருபத்திரண்டில் முன்பு பட்ட பாட்டை நினைந்து சினந்து, ஆற்று வெள்ளம் கரையுடைத்தாற்போல் இருபத்துநான்கில் பாய்ந்து, எலும்பு எலும்போடு ஏதோ முணுமுணுக்க, நெற்றி வேர்வை கண்ணிமையில் சொட்ட, இருபத்தைந்தாம் படியில் அவ்விரு விரல்களும் கொடி நாட்டின. முட்டி சாரின் சைக்கிள் நின்றது. தம்பி ஹெல்மெட்டோடு எழுந்தான். ஏணியில் இருபத்தாறு இருந்தது. அதற்கு மேல் இருபத்தேழு இருந்தது. தோளில் மேற்கொண்டு ஒன்றும் இல்லை.

அப்போது விரல்கள் ஏறின. இருபத்தாறு. இருபத்தேழு.

"ஏறிட்டாங்கப்பா" என்றார் முட்டி சார்.

"கண்டக்டர் ஆன்ட்டி குதிகால தூக்கிட்டாங்க" என்றாள் சிறுமி.

கூடம் முழுவதும் குனிந்து பார்த்தது. நாயகி மெல்ல இறங்கினாள். இறங்கியதே வாக்குமூலம் ஆயிற்று.

"நெஜமாம்மா?" என்றாள் பிசியோ மேடம்.

"லேசா."

"லேசான்னா?"

"டிக்கெட் எடுக்காம ரெண்டு ஸ்டாப் வந்துட்டாங்க" என்று விளக்கினார் முட்டி சார்.

"சார், நீங்க சைக்கிள மிதிங்க. பொழுதோட போய்ச் சேர வேணாமா?" என்றாள் மேடம்.

ஆனால் அம்பு தைத்துவிட்டது. முப்பத்தோராண்டில் எத்தனை பேரை நடுவழியில் இறக்கிவிட்டவள். தூங்குவதுபோல் நடித்தோரையும், 'பின்னாடி வர்றவர் எடுப்பார்' என்றோரையும் முகம் பார்த்தே பிடித்தவள். அவளை இன்று இரண்டரை முழமே உயர்ந்த பரிசோதகர் பிடித்துவிட்டார். பிசியோ மேடம் அட்டையில் இருபத்தைந்து என்று எழுதினாள். "இன்னிக்குப் போதும்மா. இன்னும் பத்து நாள் வந்தீங்கன்னா எட்டிடும்."

பத்து நாள் தம்பியின் ஆணையில் இல்லை. அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. சனிக்கிழமை வண்டி பிடிக்கறேன்."

"ஏணிலயா போய்த் தாழ்ப்பாள் போடப் போறேன்? கதவு வீட்ல இருக்கு. அங்க பாக்கலாம் வா."

வெளியேறும் வழியில் சிறுமி பாயின்மேல் நுனிக்காலில் போய்க்கொண்டிருந்தாள். நாயகி நின்றாள். நகர நெரிசலைப் பின்வாசல்வரை கிழித்துச்சென்ற பழைய குரலில், "குதிகால்" என்றாள். சிறுமியின் குதிகால்கள் இரண்டும் தொப்பென்று தரையில் விழுந்தன. தூங்கிக்கொண்டிருந்த அம்மா பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "எறங்கணுமா?" என்றாள். நாயகியும் சிறுமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்விருவருக்கிடையே கணக்கு தீர்ந்தது.

வீடு வந்தார்கள். ஐந்து மணிமுதல் ஏழு மணிவரை நாயகி வெந்நீர்ப் பையைத் தோளில் வைத்து, கதவைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். தம்பி அலமாரியிலிருந்து எதையும் எடுக்காமல், ஆனால் எதெது எந்தப் பெட்டியில் அடங்கும் என்று பார்த்தபடி நடந்தான்.

"உனக்கு நான் வர்றது வேணுமா, இல்ல பூட்ட வர்றது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள்.

தம்பி அலமாரியைச் சாத்தினான். "காலைல ஆறு மணிக்கு நான் வர்றதுக்குள்ள உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, கதவு வெளிய பூட்டிருக்கு. அதான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

வெந்நீர்ப் பை கீழே இறங்கிற்று. நாயகி எழுந்தாள். எழுந்து, தன் இறுதி ஆணையை அறிவித்தாள்.

"வெளிய போ. பூட்டு, சாவி ரெண்டையும் ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டுப் போ. நான் உள்ள தாழ்ப்பாள் போடறேன். போட்டதும் நீ தள்ளிப் பாரு. தெறந்துச்சுன்னா சனிக்கிழமை வரேன். தெறக்கலைன்னா இனிமே பூட்டைத் தொடாதே."

தோற்ற மன்னன் வாளைக் களத்தில் வைப்பதுபோல், தம்பி பூட்டையும் சாவிக்கொத்தையும் ஃப்ரிட்ஜ்மேல் வைத்தான். வெளியே போனான். கதவு சாத்தப்பட்டது.

இங்கே படிகள் இல்லை. எண்கள் இல்லை. வழுவழுத்த மரம் ஒன்றே, மழைக்காலத்தில் வழுக்கும் பாறைபோல் நெடிது நின்றது. அதில் அவ்விரு விரல்களும் ஏறின. சட்டத்தின் விளிம்பைப் பற்றி ஏறின. பழைய காலண்டர் ஆணியைப் பற்றி ஏறின. கைப்பிடிக்கு மேலே, கண்ணுயரத்துக்கு மேலே, தலையுயரத்துக்கு மேலே ஏறி, தாழ்ப்பாளுக்குக் கீழே இரண்டு விரற்கடை இடைவெளியில், இருபத்தைந்தாம் படியின் உயரத்தில், நின்றுபோயின. அந்த இரண்டு விரற்கடைக்கு நடுவே ஒரு வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாயகி குதிகாலைத் தூக்கினாள். அங்கே பார்க்கச் சிறுமி இல்லை. தூக்கினாள் என்பதைவிட, கால்விரல்கள் பத்தும் அவளைத் தூக்கின, தோள் கூவிற்று, அவளும் கொஞ்சம் கூவினாள், துருப்பிடித்த அக்களிறு விரல்நுனியில் அகப்பட்டு, முதலில் மறுத்து, பின்பு நறநறவென்று நகர்ந்து, நிலையிலிருந்த வளையத்துக்குள் தலை தாழ்த்தி நுழைந்தது.

"தள்ளு" என்றாள்.

தம்பி கையால் தள்ளினான். பின்பு, நடுமாடியில் சிக்கிய லிஃப்ட் கதவுகளைத் தள்ளித் தள்ளி உரமேறிய தன் தோளால் தள்ளினான். கதவு அசையவில்லை.

"சரிக்கா" என்றான். அந்தச் சொல்லில் நான்கு மாதத் தூக்கம் இருந்தது. படியிறங்கும் செருப்பொலி கேட்டது. நின்றது. திரும்பி வந்தது.

"அக்கா, வண்டிச் சாவியும் அந்தக் கொத்துலதான் இருக்கு. கொஞ்சம் தெற."

நாயகி கையைத் தூக்கினாள். தோள்வரை வந்தது. காதுவரை வந்தது. அங்கேயே நின்றது. மறுபடி தூக்கினாள், காதுவரைகூட வரவில்லை. இரண்டு மணிநேரம் ஆகும். ஜன்னலில் தம்பி அடித்த வலை இருந்தது. கதவின்கீழ் டைல்ஸ்காரர்கள் விட்டுவைத்த இடமென்று ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும், சனிக்கிழமை எத்தனை நாளில் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"காலைல வந்து வாங்கிக்க."

"ஏன், இப்பத் தெறந்தா என்ன?"

"போட்ட தாழ்ப்பாளை ஒடனே தெறந்தா போட்ட மாதிரியே இருக்காதுடா. கெளம்பு. பஸ் ஸ்டாப்ல நிக்கறப்போ சாப்பாட்டுப் பையை முன்னாடி மாட்டிக்க." பின்பு, கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, முப்பத்தோராண்டு சொல்லிப் பழகிய அந்த இறுதிச் சொற்களைச் சொன்னாள். "போலாம், ரைட்."

வண்டிச் சாவி உள்ளேயே இருந்ததால் தம்பி அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போனான்.