ஏணிக்காரர் ஏறிய நாள்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. மற்றவர்கள் ஏறுவதற்கென்றே ஏணி செய்கிறவர்கள். தாம் மட்டும் ஏறமாட்டார்கள். கேட்டால், முழங்கால் வலி என்பார்கள்.

கொழும்பு வெள்ளவத்தை வரதராசா இந்த இனத்தின் அசல் மாதிரி. கப்பலின் பக்கத்திலிருந்து கீழே நீண்டு, படகில் வந்தவர் ஏறியதும் மடங்கி உள்ளே போய்விடும் ஏணிகளை வடிவமைப்பதுதான் அவருடைய தொழில். நீண்டு மடங்கினால் போதும் என்று விடுவாரா மனிதர்? அதற்கு விளக்குப் பூட்டினார், மும்மொழியும் பேசவைத்தார், போதாதென்று, காலசைவு நின்றால் ஆள் மேலே போய்விட்டார் என்று தானே முடிவுகட்டி மடங்கும் புத்தியையும் கொடுத்தார்.

"நடுவுல யாராச்சும் நின்டா என்ன சேர் நடக்கும்?" என்று கேட்டார் பாதுகாப்பு அதிகாரி மஸாஹிரா.

"ஏன் பிள்ளை நிக்கவேணும்? ஏணி எண்டால் ஏறத்தானே!"

ஏணியைப் பரீட்சித்துக் காட்டும் நாள் வந்தது. துறைமுகத்துக்கு வெளியே கப்பல். மேல்தளத்தில் ஏணி வாங்க வந்த கனவான்கள். கீழே றேமண்ட் ஓட்டிவந்த படகில் வரதராசா. ஏறிக்காட்ட வேண்டியவருக்கோ காய்ச்சல்.

"நீங்களே ஏறி வாங்க சேர்," என்று மேலிருந்து கூப்பிட்டார் மஸாஹிரா. "எல்லாரும் பாத்துக்கிட்டு இரிக்காங்க."

இத்தனை பேர் முன்னால் முழங்கால் என்று சொல்லமுடியுமா? ஏறினார். பாதியில் கீழே பார்த்தார். அவ்வளவுதான், கால் கல்லாகிவிட்டது. ஏணி சற்றுப் பொறுத்தது. பிறகு மும்மொழியிலும் "நல்வரவு" சொல்லிவிட்டு மடங்கத் தொடங்கியது.

"நான் இன்னும் வரேல்ல! நான் இன்னும் வரேல்ல!" என்று ஏணியோடு வாதாடினார் வரதராசா.

மஸாஹிரா ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். ஏணி நின்றது. "மிதிங்க சேர்! கால் அசைஞ்சாத்தான் அது திரும்ப இறங்கும்!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடலுக்கு மேலே சைக்கிள் ஓட்டுவதுபோல் மிதித்தார் நமது எஞ்சினியர். ஏணி மனமிரங்கி நீண்டது. ஒருவழியாகப் படகில் விழுந்தவர், றேமண்டின் காலைக் கட்டிப்பிடித்தார். கரைவரை விடவில்லை.

மறுநாள் ஏணியின் புத்தியைக் கழற்றினாரா? இல்லை. பக்கத்தில் ஒரு பலகை மாட்டச் சொன்னார்: 'ஏறுபவர் பயப்படக் கூடாது.' மஸாஹிரா பலகையையும் புத்தியையும் சேர்த்தே கழற்றிவிட்டுத்தான் ஏணிக்கு அனுமதிக் கையெழுத்துப் போட்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன கிழமை, கனடாவுக்குப் புறப்பட்ட மருமகளுக்குப் பனியில் வழுக்காமல் நடப்பது எப்படி என்று விடியவிடியப் பாடம் எடுத்தீர்களே, நீங்கள் கொழும்பை ஒட்டிக் கிடக்கும் ஹெந்தளையைத் தாண்டிப் போனதுண்டா?