ஸ்கேனுக்குள் ஊம் கொட்டிய நைனா

வீட்டில் முதன்முதலாகப் படித்த பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. மைக் கிடைத்தால் வாய் சும்மா இருக்காது. எனக்கும் இருந்தது. (இருக்கிறது. குணப்படுத்திக்கொள்ளும் எண்ணமும் இல்லை.)

திருப்பதியில் ஒரு மூளை ஸ்கேன் கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த புதிது. கதை கேட்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று படமெடுப்பது என் வேலை. பள்ளிக்கூடம் போகாதவர்களைத்தான் படமெடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

"அவங்க அசையாம படுக்கமாட்டாங்கம்மா. காலேஜ் பசங்களே போதும்" என்றார் என் வழிகாட்டி சார். கடைசியில், ஒரே ஒருவரைக் கூட்டிவந்து சுத்தமான படம் காட்டினால் அனுமதி, இல்லையென்றால் காலேஜ் பசங்கள்தான் என்று முடிவானது.

நான் என் அப்பாவை, அதாவது நைனாவை, கூட்டிவந்தேன். மாங்கூழ் ஃபேக்டரியில் லோடு ஏற்றுகிறவர். வடமாலபேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாடம் நடத்தினேன்.

"நைனா, உள்ள போனா தலைய ஆட்டவே கூடாது. தெரிஞ்சுதா?"

"ஊம்" என்று தலையை ஆட்டினார்.

"இப்பவே ஆட்டறியே!"

"பஸ்ல ஆட்டினா உன் மெஷினுக்கு இன்னாம்மா நோவுது?"

எங்களுடையது வேகமான படமெடுப்பு. மெஷின் முழுவதையும் அளக்காது. கொஞ்சம் அளந்துவிட்டு, மீதியைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அந்தக் கணக்குக்கு ஆதாரமாக, ஆரம்பத்திலேயே ஒரு மாதிரிப் படம் எடுக்கும். அப்போது தலை அசைந்தால் பின்னால் வரும் அத்தனை படமும் பாழ். இதைப் பற்றி மேடையேறிப் பேசிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

மெஷின் தடதடவென்று ஆரம்பித்தது. கையருகே மைக். சரியாக அந்த மாதிரிப் படம் எடுக்கும் நேரத்தில் பொத்தானை அழுத்தி, "நைனா, நல்லா கீறியா?" என்றேன்.

தான் நன்றாக இருப்பதை நைனா தலையை முழுசாக ஆட்டித் தெரிவித்தார்.

திரையில் மூளை வரவில்லை. கோடு கோடாக ஏதோ வந்தது. "ஏம்மா, உள்ள இருக்கிறது உங்க நைனாவா, புலியா?" என்றார் சார்.

வெளியே வந்த நைனாமீது பாய்ந்தேன். "ஏன் நைனா ஆட்டின?"

"நீ கேட்ட. பெத்த பொண்ணு கேக்கறா, கம்முனு கெடக்க நான் இன்னா பொணமா?"

"இதுக்குத்தான் படிச்சவங்களைக் கூப்பிடச் சொன்னேன்" என்றார் சார்.

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. "இந்தக் கூத்தைப் பண்ணினதே படிச்சவதான் சார். அவரு கேட்ட கேள்விக்கு பதில் சொன்னாரு, அவ்ளோதான். இன்னொரு தடவ எடுங்க!"

இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாதிரிப் படம் பளிச்சென்று வந்தது. பிறகு நைனாவின் காதில் கதை ஆரம்பித்தது. ஒரு ஊர்ல ஒரு ராஜா.

"ஊம்" என்றது உள்ளிருந்து குரல்.

எங்கள் பக்கம் கதை கேட்டால் வரிக்கு வரி ஊம் கொட்டுவதுதான் மரியாதை. நைனா மரியாதை தெரிந்தவர். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் திரையைப் பார்த்தேன். ஊம் கொட்டிய இடத்துப் படங்கள் மட்டும்தான் கலங்கியிருந்தன.

"சார், வரிக்கு வரி கொஞ்சம் இடைவெளி விடலாம். அதுல ஊம் கொட்டட்டும். அந்தப் படங்களைத் தூக்கிப் போட்டுடலாம். வேகமா எடுக்கறோம் இல்ல, மீதியே தாராளமா இருக்கும். மாத்த வேண்டியது கதையைத்தான், எங்க ஆளுங்களை இல்ல."

அப்படியே எடுத்துப் பார்த்தோம். படம் சுத்தமாக வந்தது. "சரி, உங்க ஆளுங்களையே கூட்டிட்டு வாங்க. ஆனா மைக் என்கிட்டதான் இருக்கும்" என்றார் சார்.

போன மாதம் சித்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா காபியை உறிஞ்சிக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு இந்த ஸ்கேன் வேலையெல்லாம் விட்டுடும், இல்லீங்களா?" என்றார்.

யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் நைனா, கழுத்தை விறைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா மறுபடியும் கேட்டார். அசைவே இல்லை.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவர்கள் பதறினார்கள்.

"ஒன்னும் இல்லீங்க" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து. "படம் எடுத்துக்கினு கீறாரு."

அந்தச் சம்பந்தம் போயே போனது. இப்போது எங்கள் வீட்டில் பிடிக்காத பேச்சு வந்தால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "நான் மெஷின்ல கீறேன்."