ஜன்னலை மறைக்கப் போட்ட விதை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணி சுகம், என் மாமனார் சுகம், நீ கொடுத்த மார்னிங் குளோரிக் கொடி எல்லோரையும்விடச் சுகம்.

ரொட்டித் தொழிற்சாலையில் இரவெல்லாம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுக்கிறவன் முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று பரிதாபப்பட்டுத்தான் நீ விதை கொடுத்தாய். "ஜன்னல்ல ஏத்தி விடுண்ணா, திரை மாதிரி மூடிக்கும்" என்றாய். விதைத் தோல் கெட்டி, லேசாகத் தேய்த்து ஊறப்போடு என்றாய். தேய்க்க வேறெதுவும் அகப்படாமல் உன் அண்ணி நகம் தேய்க்கிற அரத்தை எடுத்தேன். அதற்கு வாங்கிய பேச்சு தனி. ஊறப்போட்ட டம்ளரைச் சமையல் மேடையில் வைத்தது என் புத்தி. மாமனார் மாத்திரை போட அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டார். விதை விஷம் என்று பொட்டலத்திலேயே போட்டிருக்கிறது. தூக்கக் கலக்கத்தோடு அவரைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன். "விதையை முழுங்கலியே, ஒண்ணும் ஆகாது" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து மாமனார் என்னோடு பேச்சில்லை. நான் தண்ணீர் கொடுத்தால் மகளிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்கிறார்.

டம்ளரின் அடியில் தங்கிய விதையை நட்டேன். உரம் கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டேன் போல, வெறும் இலையா வந்துச்சு, பூவே இல்ல. எனக்குத் திரைதானே வேணும். நல்ல இருட்டு, கொஞ்ச நாள் தூங்கினேன். அப்புறம் கொடி ஜன்னலோட நிக்கல. மேல் வீட்டுல துணி காயப்போடுற கயித்தைப் புடிச்சு ஏறிடுச்சு. அந்தம்மா கதவைத் தட்டி, "உங்க செடி எங்க வீட்டுக்காரர் சட்டைக் கையைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது"ன்னாங்க. போய் அவுத்து விட்டேன். படுத்தேன். அப்பப் பார்த்துப் பூத்துத் தொலைச்சுது. ஜன்னல் பூரா நீலம். காலையில விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள சுருங்கிடும்னு நீதானே சொன்ன? சரியா நான் தூங்குற நேரம். தெருவே என் தலைமாட்டுல நிக்குது. போட்டோ எடுக்குது, குழந்தைக்கு வேடிக்கை காட்டிச் சோறு ஊட்டுது, விதை இருக்கான்னு கம்பி வழியாக் கேக்குது. தபால்காரர் என்னை எழுப்பி, "இது என்ன பூ சார்?"ங்கிறார். நேத்து வேலையில நின்னபடியே கண்ணசந்து, சூடான தட்டுல கையை வச்சுட்டேன். "இன்னொரு தடவை இப்படின்னா வீட்லயே தூங்கிக்கோ"ன்னுட்டார் மேற்பார்வையாளர்.

அதனால ஞாயித்துக்கிழமை மச்சானோட வந்து இதை வேரோட பிடுங்கிட்டுப் போயிடு. எனக்குத் தெம்பில்ல.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களாவது வேளாவேளைக்குத் தூங்கட்டும்.

கண் எரிச்சலுடன்,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இதை மடித்து வைத்துவிட்டுப் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். யாரும் எழுப்பவில்லை. உன் அண்ணியைக் கேட்டால், "அப்பா காலையிலேருந்து ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். வர்றவங்களை எல்லாம், மாப்பிள்ளை தூங்குறார், பார்த்துட்டுப் பேசாமப் போங்கன்னு அனுப்பிட்டிருக்கார்" என்கிறாள். எட்டிப் பார்த்தேன். என் பக்கம் திரும்பாமலே, "கை எப்படி இருக்கு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை வா, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ. கொடியை மட்டும் தொடாதே.