மூன்றாம் அத்தியாயமும் அத்தையின் காலும்

கடையில் சோப்பு அடுக்குக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்திருந்தாள் பாசி டாக்டர். அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவர் அவளுடைய பேராசிரியர்.

பாசி டாக்டர் என்பது குடியிருப்பில் வைத்த பெயர். பட்டம் இன்னும் வரவில்லை. குளத்துப் பாசியைப் பற்றி ஐந்து வருடமாக ஆராய்ச்சி. "என் மருமக டாக்டருக்குப் படிக்கிறா" என்று மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்ததில், மாடி வீட்டுக்காரர் ஒருநாள் வந்து வாயைத் திறந்து தொண்டையைக் காட்டினார். மறுக்கக் கூச்சப்பட்டு அவளும் எட்டிப் பார்த்து, "வெந்நீர் குடிங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

இரண்டாம் அத்தியாயத்தைப் பேராசிரியரிடம் எப்போதோ கொடுத்தாயிற்று, அதைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் திங்கட்கிழமை தருவதாக அவரிடம் சொல்லியிருந்தாள். எழுதியது தலைப்பு மட்டும். அதையும் அழித்துவிட்டாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகு உட்கார்ந்து மடமடவென்று எழுதித் தள்ளுவார்கள் என்பது அவள் நினைப்பு. தான் மட்டும் ஏதோ ஆள் மாறி உள்ளே வந்துவிட்டோம், என்றைக்காவது பேராசிரியர் கண்டுபிடித்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று உள்ளுக்குள் உதறல். அதனால் திங்கட்கிழமை காலையில், 'காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை' என்று செய்தி அனுப்பினாள்.

'நன்றாக ஓய்வெடுங்கள். அவசரமே இல்லை' என்று உடனே பதில் வந்தது. அந்த நல்ல மனசு அவளை இன்னும் கூசவைத்தது.

இப்போது காய்ச்சல்காரியின் கையில் ஐஸ்கிரீம் டப்பா.

அடுக்கின் இடைவெளியில் எட்டிப் பார்த்தாள். நேராகப் பேராசிரியரின் கண்! அவர் வெடுக்கென்று திரும்பி, ஒரு சோப்பை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டு அதன் மேலுறையைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். பொய் சொன்னவளை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்த வேண்டாம் என்ற பெருந்தன்மை! அவள் ஐஸ்கிரீமை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த செய்தி போயிற்று. 'சார், அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. அதனால்தான் காய்ச்சலோடு கடைக்கு வந்தேன்.'

'அத்தியாயத்தை மறந்துவிடுங்கள். எத்தனை மாதமானாலும் சரி' என்றது பதில்.

அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, விஷயம் தெரிந்ததும் வீடு அதிர்ந்தது.

"என் காலை ஏம்மா உடைச்ச? உங்கம்மாவுக்குக் கால் இல்லையா?"

"அவசரத்துல அதுதான் தோணுச்சு அத்தை."

"பாசியைப் பத்தி எழுத அப்படி என்ன இருக்கு? வழுக்கும்னு எழுது. பாஸ் போடாமலா போயிடுவாங்க?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பேராசிரியரின் மனைவி. "அத்தைக்குக் கால் முறிஞ்சுதாமே! ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வந்து பாக்குறோம்."

"ஐயோ வேணாம் மேடம், இப்ப பரவாயில்ல."

"முறிஞ்ச கால் அதுக்குள்ள எப்படிம்மா சரியாகும்? சும்மா இரு."

ஞாயிற்றுக்கிழமை அத்தை காலில் கட்டோடு கட்டிலில் படுத்தார். திட்டிக்கொண்டேதான் படுத்தார். படுத்த பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. "முனகல் இது போதுமா? இன்னும் கொஞ்சம் கூட்டவா?"

பேராசிரியரின் மனைவி பழப்பையோடு தனியாகத்தான் வந்தார். "அவருக்குத் திடீர்னு தலைவலி" என்றார். பாசி டாக்டருக்குப் பாதி உயிர் திரும்பியது.

வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து கட்டுப்போட்ட காலை மெதுவாகத் தடவிக் கொடுத்தார். "எப்படிம்மா விழுந்தீங்க?"

"பாசிதான். மருமக ஆராய்ச்சி பண்றாள்ல? வீடு பூரா பாசி" என்று முனகினார் அத்தை.

வந்தவரின் கண் கலங்கியது. அதைப் பார்த்த பாசி டாக்டருக்குத் தலை தானாகக் குனிந்தது. அந்த நேரம் பார்த்து அடுப்பங்கரையில் 'புஸ்' என்று சத்தம்.

"பால்!" என்று கத்திக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்து ஓடினார் அத்தை. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பும்போது கட்டு அவிழ்ந்து பின்னாலேயே வால் மாதிரி இழுபட்டு வந்தது. பாதி வழியில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அங்கிருந்து நொண்டினார், கட்டுப் போடாத மற்ற காலை இழுத்தபடி.

பாசி டாக்டருக்குக் காது வரை எரிந்தது.

"கால் முறியல மேடம். எனக்குக் காய்ச்சலும் வரல. மூணாவது அத்தியாயத்துல ஒரு வரிகூட எழுதல. எனக்கு ஒண்ணுமே தெரியாது மேடம், இத்தனை நாளா தெரிஞ்ச மாதிரி நடிச்சிட்டேன். சார்கிட்ட சொல்லிடுங்க. என் இடத்தை வேற யாருக்காவது குடுக்கட்டும்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

பேராசிரியரின் மனைவி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, கீழே தெருவைப் பார்த்துக் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏங்க, கார்ல ஒளிஞ்சிருந்தது போதும், மேல வாங்க! ரெண்டாவது அத்தியாயத்தை நீங்க ஏன் இன்னும் பிரிச்சே பாக்கலைன்னு அவ கேக்கவே மாட்டா, மூணாவதை அவ எழுதவே இல்லையாம்!"